சாம்பிள் ரூமில் ஒரு சர்வர்

பையர் ஒப்புக்கொள்ளாத மாடலை ஆம்பூரில் ஷூ கம்பெனிகள் பொதுவாக லைனில் ஏற்றுவதில்லை. சாம்பிள் ரூமில் முதலில் ஓரிரு ஜோடி தைக்கிறார்கள். தையல் பிசகினால் அங்கேயே பிரித்துத் தைக்கிறார்கள். பையர் சரி என்ற பிறகுதான் கட்டிங், லாஸ்டிங் என்று வேலை நகர்கிறது. தோல் கணக்குக்கும் ஜாப் ஒர்க் கணக்குக்கும் சாஃப்ட்வேர் எழுதும்போது மட்டும் இந்த ஒழுங்கு எளிதில் கைநழுவிப் போகிறது. வாடகைக்கு எடுத்த ஹோஸ்டிங்கில், கம்பெனி அன்றாடம் பயன்படுத்தும் அதே பக்கத்தில், புரோகிராமர் திருத்தம் போட்டுப் பார்க்கிறார். சென்ற வாரம் ஹோஸ்டிங் வாடகையைப் பற்றிப் பேசினோம். அதற்கு முந்தைய படியான, பென் டிரைவில் எடுத்துப் போகக்கூடிய சர்வரைப் பற்றி இந்த வாரம் பேசுவோம்.

வெப் சர்வர் என்றதும் குளிரூட்டிய அறையில் மினுக்கும் பெட்டி நினைவுக்கு வருகிறது. உண்மையில் அது, பிரவுசர் கேட்கும் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் ஒரு புரோகிராம்தான். பிரவுசர் இருக்கும் லேப்டாப்பிலேயே அதுவும் ஓடலாம். 127.0.0.1 என்ற முகவரிக்கு அனுப்பியது அந்தக் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது, இன்டர்நெட்டும் தேவையில்லை. ஜெர்மனியில் தொடங்கிய ‘அப்பாச்சி ஃபிரண்ட்ஸ்’ குழு 2002இல் வெளியிட்ட எக்ஸாம்ப், அப்பாச்சி சர்வர், டேட்டாபேஸ், பிஎச்பி, பேர்ல் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தது. அதன் ஜிப் வடிவத்தை இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. பென் டிரைவில் பிரித்து வைத்தால் போதும். 80ஆம் போர்ட்டை வேறு புரோகிராம் பிடித்துக்கொண்டிருந்தால், அமைப்புக் கோப்பில் 8080 என்று மாற்றினால் ஓடும். இவ்வளவுகூட வேண்டாம் என்பவர்களுக்கு, 2012இல் வந்த பிஎச்பி 5.4 முதல் அந்த மொழிக்குள்ளேயே ஒரு சின்னச் சர்வர் இருக்கிறது.

வேலூர், ஆம்பூர் வட்டாரத்துக்கு இது ஏன் பொருந்துகிறது? வேலூரில் 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய விஐடி, மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம் பொறியியல் கல்லூரி, ஆம்பூரில் மஸ்ஹருல் உலூம், வாணியம்பாடியில் 1919 முதல் இயங்கும் இஸ்லாமியா கல்லூரி என்று, தோல் பதனிடும் ஊர்களை ஒட்டியே கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். புராஜெக்ட்டுக்கு வெளியில் தேட வேண்டாம்; பக்கத்துத் தெரு யூனிட்டின் லாட் கணக்கே போதும். ஆனால் லேப் கம்ப்யூட்டரில் எதையும் இன்ஸ்டால் செய்யும் உரிமை பொதுவாக மாணவருக்குக் கிடையாது. பென் டிரைவ் சர்வர் அந்த உரிமையைக் கேட்பதில்லை. பென் டிரைவுக்கு அனுமதி இல்லாத லேப் என்றால் சொந்த லேப்டாப்பில் ஒரு ஃபோல்டர் போதும். அரசு 2011 முதல் கொடுத்த விலையில்லா லேப்டாப்புக்கும் இது பாரமான வேலை அல்ல.

இப்படிச் சோதிப்பதன் முக்கியப் பலன், பிழை வெளியே தெரியாமல் உள்ளேயே பிடிபடுவது. ஒரு உதாரணம். பதனிட்ட தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள். ஒரு ஆட்டுத் தோல் 4.25 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் அந்தக் கட்டத்தை முழு எண் என்று அமைத்துவிட்டால், அது சத்தமில்லாமல் 4.25ஐ 4 ஆக்கிவிடும். பிழைச் செய்தி வராது. லாட்டில் 400 தோலும் அதே அளவு என்றால் 100 சதுர அடி காணாமல் போயிருக்கும். லேப்டாப்பில் பத்துத் தோலின் கணக்கைப் போட்டு, கையால் கூட்டிய தொகையோடு ஒப்பிட்டாலே இது தெரிந்துவிடும். லைவ் சர்வரில் தெரிய வருவது பில் போன பிறகு.

இதற்கு மறுப்புகள் உண்டு. இலவச ஹோஸ்டிங்கே கிடைக்கும்போது பென் டிரைவ் எதற்கு என்பது முதல் கேள்வி. பணம் இங்கே பிரச்சினை இல்லை. பாதி எழுதிய புரோகிராமில் பாதுகாப்பு ஓட்டைகள் இருக்கும். ஒரு பையருக்குச் சொன்ன விலை இன்னொருவர் கண்ணில் படக் கூடாது. அரைகுறை வேலையைப் பொது முகவரியில் வைப்பது அந்த விலைப்பட்டியலை வாசலில் ஒட்டுவதற்குச் சமம். விண்டோஸில் ஓடியது லினக்ஸ் சர்வரில் ஓடாது என்பது அடுத்த மறுப்பு. இது நியாயமானது. கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை விண்டோஸ் பொருட்படுத்தாது; லினக்ஸ் பொருட்படுத்தும். லேப்டாப்பில் திறந்த பக்கம் ஹோஸ்டிங்கில் ‘கிடைக்கவில்லை’ என்று நிற்பதற்கு அடிக்கடி இதுதான் காரணம். எனவே பெயர்களையெல்லாம் சின்ன எழுத்தில் வையுங்கள், பிஎச்பி பதிப்பு இரண்டு இடத்திலும் ஒன்றா என்று பாருங்கள், கடைசியாக லினக்ஸில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். உள்ளூர்ச் சர்வர் கடைசிச் சோதனை அல்ல, முதல் சோதனை. பென் டிரைவ் கெட்டுப்போகுமே என்பார்கள். கெட்டுப்போகும், சர்வரை நிறுத்தாமல் பிடுங்கினால் டேட்டாபேஸும் சிதையும். ஆகவே வேலை முடிந்ததும் டேட்டாபேஸை ஏற்றுமதி செய்து இன்னொரு இடத்தில் நகல் வைப்பது கட்டாயம்.

உண்மையான ஆபத்து வேறொன்று. நன்றாக ஓடுகிறதே என்று அந்த லேப்டாப்பையே ஆபீஸ் வைஃபையில் இணைத்து, எல்லோரும் அதிலேயே கணக்கு எழுதத் தொடங்கிவிடுவது. எக்ஸாம்ப் பொதுப் பயன்பாட்டுக்கு அல்ல, டெவலப்பர்களுக்கு என்று அதைத் தருபவர்களே சொல்கிறார்கள். டேட்டாபேஸின் தலைமைக் கணக்கு அதில் பாஸ்வேர்டே இல்லாமல்தான் வருகிறது. அதன் அப்பாச்சியும் அதே நெட்வொர்க்கில் இருப்பவர்கள் கேட்டாலும் பதில் சொல்லும்படி வருகிறது. அமைப்புக் கோப்புகளின் ‘லிசன்’ வரிகளிலெல்லாம் போர்ட் எண்ணுக்கு முன்னால் ‘127.0.0.1:’ என்று சேர்த்துவிட்டால் இந்தக் கதவு மூடும்.

ஆக, யூனிட் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாஃப்ட்வேர் எழுதுபவரிடம் வேலையை வாங்கும்போது இரண்டே கேள்வி கேளுங்கள். இந்தத் திருத்தத்தை எங்கள் கணக்கில் போடுவதற்கு முன் எதில் ஓட்டிப் பார்த்தீர்கள்? நேற்றைய டேட்டாவின் நகல் எங்கே இருக்கிறது? இரண்டுக்கும் நேரான பதில் வராதவரை பில்லை பாஸ் செய்யாதீர்கள்.

(தொடரும்)