மரத்தடிப் பல்கலைக்கழகத்தில் ஒரு திருவனந்தபுரத்து மாணவர்

பல்கலைக்கழகம் என்றதும் உயர்ந்த கட்டடங்களே நம் மனக்கண்முன் தோன்றும். 1904ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் பிறந்த ஜி. இராமச்சந்திரன் பயின்ற பல்கலைக்கழகத்திலோ மரநிழலே வகுப்பறை. வங்காளத்தில் போல்பூருக்கு அருகிலுள்ள சாந்திநிகேதனில் கவிஞர் தாகூர் 1921ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் நிறுவிய விசுவபாரதிதான் அது. உலகம் முழுவதும் ஒரே கூட்டில் வந்து தங்கும் இடம் என்பது அதன் குறிக்கோள்.

குறிக்கோள் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. பாரிசிலிருந்து சில்வேன் லெவியும், பிராகா நகரிலிருந்து விண்டர்நிட்சும் வந்து பாடம் சொன்னார்கள். நந்தலால் போஸ் ஓவியம் கற்பித்தார். அருகிலிருந்த சுருல் என்னும் ஊரில் எல்ம்கர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் சிற்றூர்ச் சீரமைப்புப் பணியைத் தொடங்கினார். ஒரு வேலைக்கு மட்டும் ஆயத்தம் செய்யாமல் இலக்கியம், மெய்யியல், இசை, ஓவியம் யாவற்றையும் ஒருங்கே கற்பிக்கும் கல்வி இது. இதனால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி கேட்கப் பழகுவதே இக்கல்வியின் முதற்பயன்.

இராமச்சந்திரன் அவ்வாறு பழகியவர். அக்காலத்தில் காந்தியடிகள் இராட்டையைப் போற்றினார். தாகூரோ அதில் ஐயம் கொண்டிருந்தார். இருவரையும் மதித்த மாணவர் என்ன செய்வார்? 1924ஆம் ஆண்டு டெல்லியில் 21 நாள் உண்ணாநோன்பை முடித்திருந்த அடிகளை அவர் நேரில் கண்டு, கலையைப் பற்றியும் எந்திரத்தைப் பற்றியும் துணிவுடன் வினவினார். எந்திரங்கள் அனைத்தையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். இவ்வுடலே ஓர் எந்திரம்தானே என்றார் அடிகள். தையல் எந்திரம் போன்ற சிலவற்றுக்கு விலக்கும் அளித்தார். மாணவர் விடவில்லை. தையல் எந்திரம் செய்ய ஆலை வேண்டுமே என்றார். ஆம், அத்தகைய ஆலைகள் அரசின் உடைமையாக இருக்க வேண்டும் என்று அடிகள் விடையளித்தார். இவ்வுரையாடலை மகாதேவ தேசாய் எழுதி, ‘யங் இந்தியா’ இதழில் வெளியிட்டார்.

1925இல் பட்டம் பெற்ற இராமச்சந்திரன் நாட்டு விடுதலைப் பணியில் இறங்கினார். தமிழகத்தைச் சேர்ந்த மருத்துவர் சௌந்தரம் அம்மையாரை 1940இல் மணந்தார். இருவரும் 1947இல் திண்டுக்கல்லை அடுத்த சின்னாளப்பட்டிக்கு அருகில் காந்திகிராமத்தை உருவாக்கினர். அங்கு வளர்ந்த கிராமியக் கல்வி நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. தாகூரின் கல்வியும் காந்தியடிகளின் சிற்றூர்ப் பற்றும் அங்கு ஒன்றாயின என்றே சொல்லத் தோன்றுகிறது. உங்கள் பெற்றோர் தமிழகத்திலிருந்து இந்நகருக்கு வந்தார்கள். இந்நகரத்து மைந்தர் ஒருவர் தமிழ்ச் சிற்றூருக்குச் சென்றார்.

அடுத்த விடுமுறையில் நாகர்கோவில், மதுரை வழியாகச் சென்னைக்குத் தொடர்வண்டியில் சென்றால், திண்டுக்கல்லுக்குச் சற்று முன்பு அம்பாத்துரை என்னும் சிறிய நிலையம் வரும். காந்திகிராமம் அதற்கு அருகில்தான் இருக்கிறது.