பாதிச் சேலை: ‘காஞ்சிவரம்’ படத்துக்குள் ஒளிந்திருக்கும் சூப்பர்ஹீரோ கதை



2008-ல ரெண்டு படம். ஒண்ணு கிறிஸ்டோபர் நோலன் எடுத்த பேட்மேன் படம், ‘தி டார்க் நைட்’. உலகம் பூரா ஓடுச்சு. இன்னொண்ணு பிரியதர்ஷன் எடுத்த ‘காஞ்சிவரம்’. அந்த வருஷம் டொரண்டோ திரைப்பட விழாவுல காட்டினாங்க. நம்ம ஊர் தியேட்டருக்கு 2009 மார்ச்லதான் வந்துச்சு. அதுல வவ்வால் உடை மாட்டின கோடீஸ்வரன், இதுல கூலிக்கு நெய்யுற நெசவாளி. ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்லன்னு தோணும். ஆனா ஒரே பொருளைத் திரும்பத் திரும்பக் காட்டி, வசனமே இல்லாம அதுக்குள்ள அர்த்தம் ஏத்துறது எப்படின்னு தெரிஞ்சுக்கணும்னா, இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கணும்.

ரெண்டு படத்தோட முடிவையும் சொல்லப் போறேன். ‘காஞ்சிவரம்’ பார்க்காதவங்க இங்கேயே நிறுத்திட்டு, படத்தைப் பார்த்துட்டு வாங்க. வீடியோ எங்கேயும் போயிடாது.

முதல்ல பேட்மேன் படத்துல வர்ற காசு. ஹார்வி டென்ட் ஒரு அரசு வக்கீல். முக்கியமான முடிவுன்னா ஒரு காசை எடுத்துச் சுண்டுவார். பூவா தலையா. ‘அட, இந்த மனுஷன் அதிர்ஷ்டத்தை நம்புறவர் போல’ன்னு நாம நினைச்சுக்குவோம். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் தெரியும், அந்தக் காசுல ரெண்டு பக்கமும் தலை. பூ விழவே விழாது. முடிவு எப்பவும் அவர் கையிலதான் இருந்திருக்கு. அப்புறம் அந்தக் காசு அவர் காதலி ரேச்சல்கிட்ட போகுது. குண்டுவெடிப்புல ரேச்சல் செத்துப்போறா. காசு ஒரு பக்கம் கருகி அவர்கிட்டயே திரும்பி வருது. அவர் முகமும் பாதி எரிஞ்சிருக்கு. இப்ப அந்தக் காசுக்கு நிஜமாவே ரெண்டு பக்கம். கருகின பக்கம் விழுந்தா எதிர்ல இருக்கிறவனுக்கு உயிர் இல்ல.

காசு அதேதான், சுண்டுற விரலும் அதேதான். ஆனா ‘என் விதி என் கையில’ன்னு சொன்ன அதே காசு, இப்ப ‘யார் கையிலயும் எதுவும் இல்ல’ன்னு சொல்லுது. சினிமாவுல மோட்டிஃப்னு சொல்றது இதைத்தான். திரும்பி வந்தா மட்டும் போதாது, ஏதோ ஒண்ணு மாறித் திரும்பி வரணும்.

மாறாம வர்றதுக்குப் பேர் முத்திரை. பேட்மேன் நெஞ்சுல இருக்கிற வவ்வால் மாதிரி. முத்திரைன்னா என்னன்னு தெரிஞ்சுக்க ஹாலிவுட்டுக்குப் போக வேண்டாம், காஞ்சிபுரத்துக்கு வாங்க.

இப்ப திரையில தெரியுறது பிள்ளையார்பாளையம் பக்கம் இருக்கிற கயிலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டோட தொடக்கத்துல பல்லவ ராஜா ராஜசிம்மன் கட்டினது. உள்ள போய்ச் சுத்தி வாங்க. பிராகாரச் சுவர் நெடுக வரிசையா சின்னச் சின்னச் சந்நிதிகள், மொத்தம் 58. திரும்புற பக்கமெல்லாம் பின்னங்கால்ல எழும்பி நிக்கிற சிங்கத்தூண். மணற்கல்லுங்கிறதால சில சிங்கத்துக்கு மூஞ்சி கரைஞ்சு போச்சு. சிலதுக்குப் பிற்காலத்துல சுதை பூசியிருக்காங்க. ஆனா எண்ணி மாளாது. ராஜாவோட பேர்லயே சிங்கம் இருக்கு, அதனால சுவர் பூரா சிங்கம். அது போதாதுன்னு அவரோட பட்டப்பெயர்களை, இருநூறுக்கும் மேல, அந்தச் சந்நிதிகள்ல வரிசையா வெட்டி வச்சிருக்காங்க. முதல் சிங்கம் சொல்ற சேதியும் கடைசிச் சிங்கம் சொல்ற சேதியும் ஒண்ணுதான்: ‘இது அவரோடது.’ முத்திரையோட வேலை அது. அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல, பிரமாதமான வேலைதான். ஆனா அதுக்குள்ள கதை நகராது.

சரி, கோயிலை விட்டு வெளிய வந்து தறிக்குப் போவோம். காஞ்சிப் பட்டுல கோர்வைன்னு ஒரு முறை இருக்கு. உடல் ஒரு நிறம், கரை வேற நிறம். ரெண்டும் தனித்தனி ஊடையில, அதாவது குறுக்கு நூல்ல ஓடி, சேர்ற இடத்துல ஒண்ணை ஒண்ணு கவ்விக்கும். கையில கோர்வைச் சேலை இருந்தா உள்பக்கத்தைத் திருப்பி, கரை சேர்ற கோட்டுல விரலை ஓட்டிப் பாருங்க. சின்ன வரப்பு மாதிரி தட்டுப்படும். அங்கதான் நூலும் நூலும் கைகோத்திருக்கு. வெளிப்பக்கம் அதே இடம் கோபுரம் கோபுரமா உடலுக்குள்ள ஏறி நிக்கும். இந்தச் சேலையைத் தனியாளா நெய்யுறது பெரும்பாடு. நெசவாளி ரெண்டு நாடா (ஊடை நூலைக் குறுக்கே ஓட்டுற கருவி) போட்டா, பக்கத்துல உட்கார்ந்திருக்கிற ஆள் மூணாவது நாடாவை அந்தப் பக்கக் கரைக்குப் போட்டுக் கொடுக்கணும். பொண்டாட்டி, பிள்ளை, யாராவது ஒருத்தர் கூட இருக்கணும். காஞ்சித் தறி ரெண்டு பேர் தறி. இதை மனசுல வச்சுக்கோங்க, படத்துக்குள்ள போகும்போது வேணும்.

‘காஞ்சிவரம்’ 1948-ல தொடங்குது. மழை ராத்திரி. வேங்கடம்னு ஒரு கைதியைப் போலீஸ் காவலோட பஸ்ல ஊருக்குக் கூட்டிட்டுப் போறாங்க. பிரகாஷ்ராஜ் நடிச்சிருக்கார். பஸ் குலுங்கக் குலுங்க அவருக்குப் பழசெல்லாம் ஞாபகம் வருது. கல்யாணத்துக்கும் பட்டு வேணும், கடைசி யாத்திரைக்கும் பட்டு வேணும்கிற நம்பிக்கை படம் நெடுக ஓடுது. நெஞ்சை அறுக்கிற விஷயம் என்னன்னா, நாள் பூரா பட்டு நெய்யுறவன் வீட்டுல ஒரு முழம் பட்டு கிடையாது. பட்டுச்சேலை கட்டின பொண்ணைத்தான் கட்டுவேன்னு இருந்த வேங்கடத்துக்கு அது நடக்கல. அன்னம் சாதாரணச் சேலையிலதான் அந்த வீட்டுக்கு வர்றா. படத்துல பட்டு முதல் தடவை இப்படி, இல்லாமையாத்தான் வருது.

அடுத்து, குழந்தை பிறக்குது. பேர் தாமரை. குழந்தை காதுல அப்பா ஒரு வாக்குக் கொடுக்கிற வழக்கம். ஊரே கூடி நிக்கும்போது வேங்கடம் சொல்றார்: உன் கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை கட்டி அனுப்புவேன். கேட்டவங்க அதிர்ந்துபோறாங்க. இப்ப பட்டு நூலாக்கூட இல்ல, வெறும் சொல். சூப்பர்ஹீரோ படம் பார்த்துப் பழகினவங்களுக்கு இந்த இடம் சட்டுனு பிடிபடும். ஹீரோ சபதம் எடுக்கிற காட்சி இதுதான். கதை பூரா இந்த ஒரு சொல்லுலதான் தொங்குது.

அந்தச் சேலைக்குன்னு சேர்த்த பணம் தங்கச்சி குடும்பத்துக் கஷ்டத்துல கரைஞ்சுபோகுது. அப்புறம்தான் பட்டு மூணாவது உருவத்துல வருது: வாய்க்குள்ள. முதலாளி இடத்துல நெய்யும்போது துளித்துளியா பட்டுநூலை எடுத்து வாய்க்குள்ள ஒதுக்கிக்கிட்டு வெளிய வர்றார். எனக்கு இந்தப் படத்துலேயே பெரிய கண்டுபிடிப்பு இந்தப் படிமம்தான். காதுல சொன்ன வாக்கு இப்ப வாயை அடைச்சிருக்கு. வாய்ல நூல் இருக்கிற வரைக்கும் அந்த மனுஷன் யார்கிட்டயும் எதுவும் பேச முடியாது. நியாயம் கேட்க முடியாது, கூலி கேட்க முடியாது. பிரியதர்ஷன் இதை விளக்க ஒரு வரி வசனம்கூட வைக்கல. மூடின வாயும் நடையும் மட்டும்தான்.

ராத்திரி ஆனா, பூட்டின கொட்டகைக்குள்ள யாருக்கும் தெரியாம அந்த நூலைச் சேலையா நெய்யுறார். இப்ப கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு சபதம். பகல்ல ஒரு ஆள், ராத்திரியில வேற ஆள். ரகசிய அறை. அங்க இருட்டுல தயாராகுற உடை. பேட்மேன் கதையோட எலும்புக்கூடு மொத்தமும் இங்க நிக்குது. ‘காஞ்சிவரம்’ யதார்த்தப் படம்தான், மறுக்கல. ஆனா உள்ள ஓடுறது சூப்பர்ஹீரோ கதை.

இப்ப அந்த ரெண்டு பேர் தறியை ஞாபகப்படுத்திக்கோங்க. படத்துல அவர் நெய்யுறது கோர்வையா இல்லையான்னு நான் வாதாட வரல. ரெண்டு பேர் உட்கார வேண்டிய தொழில்ல அவர் தனியா உட்கார்ந்திருக்கார், அதைத்தான் பார்க்கச் சொல்றேன். அன்னம் நோயில போயிடுறா. ஊருக்குக் கம்யூனிஸ்ட் தோழர் ஒருத்தர் வர்றார், நெசவாளிகள் கூடுறாங்க, வேங்கடமே முன்னால நின்னு வேலைநிறுத்தம் நடத்துறார். ஆனா மகள் கல்யாணம் நெருங்குது. தறி ஓடலைன்னா நூல் கிடைக்காது, நூல் இல்லைன்னா சேலை முடியாது. அதனால அவரே போராட்டத்தைக் கைவிட்டு உள்ள போறார். கொட்டகையில சேலை ஒவ்வொரு சாணா வளர வளர, அவரைச் சுத்தி இருக்கிற ஆட்கள் ஒவ்வொருத்தரா விலகுறாங்க. பட்டுல பாசமும் திருட்டும் துரோகமும் ஒரே பாவுல ஓட ஆரம்பிச்சிடுது. கடைசியில பிடிபடுறார். அடி, ஜெயில். தாமரையோட கல்யாணமும் நின்னுபோகுது.

முடிவு. அந்த மழை ராத்திரி பஸ் வேங்கடத்தைக் கொண்டுவந்து விடுறது இங்கதான். கிணத்துல விழுந்து உடம்பு செயலிழந்துபோன தாமரையைப் பார்த்துக்க யாரும் இல்ல. சோத்துல விஷம் வச்சு அப்பாவே ஊட்டுறார். அப்புறம் கொட்டகையைத் திறந்து, தறியில நின்னுபோன அந்தப் பாதிச் சேலையை எடுத்துட்டு வந்து மகள் உடம்பு மேல போர்த்துறார். முகத்தை மூடினா கால் தெரியுது. காலுக்கு இழுத்தா முகம் தெரியுது. இழுக்கிறார், மறுபடி இழுக்கிறார். அப்புறம் அந்தச் சிரிப்பு.

கல்யாணத்துக்குன்னு சொன்ன பட்டு கடைசி யாத்திரைக்கு வந்து சேருது, அப்பவும் அளவு போதல. இல்லாமையா வந்த பட்டு, சொல்லா வந்து, நூலா வந்து, கடைசியில துணியாவே வந்துடுச்சு. வளர்ந்துக்கிட்டேதான் இருந்துச்சு, ஆனா ஒரு தடவைகூடப் போதல. டென்ட் காசுல ஒரு பக்கம்தான் கருகுச்சு. இங்க ஒரு தொழிலோட மொத்தக் கூலிக் கணக்கும் ரெண்டு பக்கம் இழுபடுற ஒரு துணியில தெரியுது.

இந்தியச் சூப்பர்ஹீரோ படங்கள் பக்கம் வந்தா, இதைப் புரிஞ்சுக்கிட்டு எடுத்தவங்க ரொம்பக் குறைவு. முகமூடியும் நெஞ்சுல ஒரு அடையாளமும் இருந்தா போதும்னு நிறையப் பேர் நினைச்சுக்கிறாங்க. 2021-ல வந்த மலையாளப் படம் ‘மின்னல் முரளி’ வித்தியாசமானது. ஹீரோ ஜெய்சன் ஒரு தையல்காரன். ஏதோ ஒரு துணியால முகத்தை மறைச்சுக்கிட்டுக் கிளம்புறவன், கடைசியில முழு உடையோட நிக்கிறான். அந்த உடை நெஞ்சுல ஒட்டின முத்திரையா இல்ல, அவன் வளர்ச்சியை அளக்குது. தமிழ்ல 2023-ல வந்த ‘மாவீரன்’. அதுல நல்ல மோட்டிஃப் ஹீரோ உடம்புலயே இல்ல, சுவர்ல இருக்கு. குடிசையிலிருந்து மாத்தின குடும்பங்களுக்குக் கொடுத்த அடுக்குமாடியில பூச்சு உதிருது. முதல்ல அது யோகிபாபு காமெடி, நாம சிரிக்கிறோம். ‘கொஞ்சம் பொறுத்துக்கோங்க’ன்னு ஹீரோ சொல்றான். அதே விரிசல் கடைசியில கட்டிடத்தையே சாய்க்கும்போது, முதல்ல எதுக்குச் சிரிச்சோம்னு நமக்கே கூசுது. அடிதடியை விட அந்தச் சுவர்தான் எனக்கு அந்தப் படம்.

‘காஞ்சிவரம்’ 55-வது தேசிய விருதுகள்ல சிறந்த படம். பிரகாஷ்ராஜ் சிறந்த நடிகர். இவ்வளவு இருந்தும் சூப்பர்ஹீரோ ரசிகர்கள் அதைப் பார்க்கிறதே இல்ல, ‘சோகப் படம்’னு ஒதுக்கி வச்சிடுறாங்க. ஒரு தடவை உட்கார்ந்து பாருங்க. கதையைப் பத்திக் கவலைப்படாம, பட்டு எங்கெல்லாம் வருதுன்னு மட்டும் குறிச்சுக்கிட்டே பாருங்க. நான் சொல்லாம விட்ட இடங்கள் இருக்கு. அதைக் கீழ எழுதுங்க, அடுத்த வீடியோவுல எடுத்துப் பேசுவோம்.