உஷார்! கால் எரிச்சல் நின்றுவிட்டதா?

"ராத்திரியெல்லாம் கால் திகுதிகுன்னு எரியும். இப்ப அறவே இல்ல." சர்க்கரைக்காரர் யாராவது இப்படிச் சந்தோஷமாகச் சொன்னால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

என் பெரியப்பாவும் இதைத்தான் சொன்னார். ஒருநாள் கடைவீதிக்குப் போய் வந்தவர், வாசலில் செருப்பை விட்டுவிட்டு ஈஸிசேரில் சாய்ந்துவிட்டார். "என்னங்க, தரையெல்லாம் ரத்தத் தடம்!" என்று பெரியம்மா அலறினார். செருப்பைப் புரட்டினால், அடியைத் துளைத்து உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது ஓர் ஆணி. அதை மிதித்தபடியே வீடுவரை நடந்திருக்கிறார்! "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார். கட்டைவிரலை எடுத்ததோடு போயிற்று.

எரிச்சல் என்பது, சர்க்கரையால் பழுதான நரம்பு காரணமில்லாமல் போடும் கூச்சல். மூளை அதைத் தீக்காயம் என்றே நம்புகிறது. பழுது முற்றினால் அதே நரம்பு ஊமையாகிவிடும். நீளமான நரம்புதான் முதலில் கெடும். அதனால்தான் பாதத்தில் ஆரம்பிக்கிறது.

மாத்திரையாலும் எரிச்சல் அடங்கலாம். பிரிகாபலின், வலிச்சேதி முதுகுத்தண்டில் கைமாறுவதை மட்டுப்படுத்தும். கெட்ட நரம்பைச் செப்பனிடாது. அதற்காக நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் எரிச்சல் போனதை வைத்து, நரம்பு பிழைத்துவிட்டது என்று மட்டும் எண்ணாதீர்கள்.

1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளிடம் கண்டதும் ஊமையான நரம்பின் விளைவைத்தான். விரல்கள் நோயால் அழுகி உதிரவில்லை. சுட்டாலும் வெட்டினாலும் உறைக்காததால், புண்மேல் புண்ணாகித் தேய்ந்தன. தூக்கத்தில் எலி கடித்தும் விழிக்காதவர்கள் அங்கே இருந்தார்கள். மரத்துப்போன சர்க்கரைக் காலுக்கும் அதே கதிதான்.

ராத்திரி படுக்குமுன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள், விரலிடுக்கையும் சேர்த்து. செருப்பைத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் போடுங்கள். வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். உச்சிவெயிலில் கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றாதீர்கள். கல் சுட்டது கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை பாதத்தில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை வைத்து உணர்ச்சி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மெட்ஃபார்மினைப் பல வருஷமாகச் சாப்பிடுகிறவர்கள் பி12 அளவையும் பாருங்கள். அது குறைந்தாலும் நரம்பு கெடும்.

இன்னொன்று. இதயத்துக்குப் போகும் நரம்புகளும் இப்படி ஊமையாகலாம். நெஞ்சு வலிக்காமலே மாரடைப்பு வரும். திடீரென்று மூச்சு வாங்கி, குப்பென்று வியர்த்து, ஆளை அசத்தினால் "வலி இல்லையே" என்று படுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுங்கள்.