தாத்தாவின் கையெழுத்து

நம் சங்கத்து விழாக்களில் புதிதாக ஒருவரைச் சந்தித்தால் முதலில் கேட்பது, "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்பதுதான். நான் "கோலார் தங்கவயல்" என்பேன். "அது சரி, அதற்கு முன்னால்?" என்பார்கள். "வட ஆற்காடு பக்கம்" என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்துக் கொள்வேன். அறுபத்தெட்டு வயது வரை அந்தப் பதிலே எனக்குப் போதுமானதாக இருந்தது. அது போதாது என்று உணர்த்தியவர் ஒரு வேல்ஸ் நாட்டுக்காரர்!

சென்ற ஆண்டு நானும் என் மனைவியும் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்க கார்டிஃப் நகருக்குச் சென்றிருந்தோம். பக்கத்து வீட்டில் எண்பது வயதான ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். தோட்ட வேலிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான் என்று தினமும் பேசிக் கொண்டிருப்போம். என் தந்தை தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார். "என் அப்பாவும் சுரங்கத்துக்காரர். தாத்தாவும்தான். ஞாயிற்றுக்கிழமை என்னோடு வாருங்கள், எங்கள் ஊரைக் காட்டுகிறேன்" என்றார்.

நிலக்கரி உண்டாக்கிய ஊர்கள்

கார்டிஃபிலிருந்து வடக்கே போனால் அரை மணி நேரத்தில் மலைகள் நெருங்கி வந்துவிடுகின்றன. இரண்டு மலைகளுக்கு நடுவே ஒடுங்கிய பள்ளத்தாக்கு. அடியில் ஓர் ஆறு. சரிவில் ரெயில் பெட்டிகளைக் கோத்தது போல வரிசை வரிசையாகக் கல் வீடுகள். ஒரு சுவர் இரண்டு வீட்டுக்குப் பொது. எங்கள் தங்கவயல் 'லைன்' வீடுகள்தான் என் நினைவுக்கு வந்தன.

இந்த ஊர்களில் பலவும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வெறும் ஆட்டு மேய்ச்சல் நிலம். ரோந்தா பள்ளத்தாக்கில் 1851ல் இருந்த மக்கள் ஆயிரம் பேருக்கும் குறைவு. 1911ல் அதே இடத்தில் ஒன்றரை லட்சம் பேர்! 1913ல் மட்டும் தென் வேல்ஸ் சுரங்கங்கள் ஐந்தரைக் கோடி டன்னுக்கு மேல் நிலக்கரி வெட்டின. அந்தக் கரியில்தான் உலகத்துக் கப்பல்கள் ஓடின. வேலை தேடி மேற்கு வேல்ஸின் பண்ணைகளிலிருந்தும், இங்கிலாந்தின் சாமர்செட் பக்கமிருந்தும், அயர்லாந்திலிருந்தும் ஜனங்கள் வந்து குவிந்தார்கள். ஆக, அந்த ஊர்க்காரர்களும் நம்மைப் போலப் பிழைப்புக்காகப் புலம்பெயர்ந்தவர்களே.

அந்த வீட்டுப் பெண்களின் பாட்டைக் கேட்டால் மனம் கனக்கும். சுரங்க வாசலில் குளியலறை கிடையாது. கணவனும் பிள்ளைகளும் கரி அப்பிய உடம்போடு வீட்டுக்கு வருவார்கள். அடுப்பங்கரையில் தகரத் தொட்டி. அதை நிரப்ப வெந்நீர். ஒருவர் ஒரு ஷிப்டு, இன்னொருவர் வேறு ஷிப்டு என்றால் அடுப்பு அணையவே அணையாது. வேல்ஸில் முதன்முதலாகச் சுரங்க வாசலில் குளியலறை வந்தது 1916ல்தான். மற்ற ஊர்களுக்கு அது வந்து சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின.

சுவரில் இருந்த பெயர்

நண்பரின் ஊர் செங்கெனித். 1913 அக்டோபர் 14, காலை எட்டு மணி கடந்த சிறிது நேரத்தில் அங்கே பூமிக்கடியில் வாயு வெடித்தது. சுரங்கத்தில் இருந்தவர்களில் 439 பேர் மாண்டனர். மீட்கப் போன ஒருவரும் இறந்தார். பிரிட்டன் சுரங்க வரலாற்றில் இதைவிடப் பெரிய விபத்து கிடையாது. அதே சுரங்கத்தில் 1901லும் 81 பேர் இறந்திருந்தார்கள். வழக்கு நடந்தது. மேலாளருக்கு 24 பவுன், கம்பெனிக்கு 10 பவுன் அபராதம். "கணக்குப் போட்டுப் பாருங்கள், ஓர் உயிருக்கு இரண்டு ஷில்லிங்கூடத் தேறாது" என்றார் நண்பர். நூறு ஆண்டு கழிந்தும் அந்தக் கோபம் அவர் குரலில் ஆறவில்லை.

விபத்தின் நூற்றாண்டு நாளில், 2013ல், அங்கே ஒரு நினைவுத் தோட்டம் திறந்திருக்கிறார்கள். சுவர் நெடுக ஓடுகளில் இறந்தவர்களின் பெயர்கள். ஓர் ஓட்டைத் தடவி, "இவர்தான் என் தாத்தா. அன்று என் அப்பா ஆறு மாதக் குழந்தை" என்றார்.

வீடு திரும்பியதும் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அது 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளின் நகல். அந்த நாட்டில் நூறு ஆண்டு கழித்து அந்தத் தாள்களை மக்கள் பார்க்க அனுமதிக்கிறார்கள். 1911ஆம் ஆண்டுத் தாள்கள் சற்று முன்னதாகவே, 2009ல் வெளிவந்துவிட்டன. அவற்றில் ஒரு விசேஷம், குடும்பத் தலைவரே தம் கைப்பட எழுதிய தாள் அப்படியே காப்பாற்றப்பட்டிருக்கிறது. வேல்ஸில் வெல்ஷ் மொழியிலும் எழுதித் தரலாம். சாவதற்கு இரண்டு ஆண்டுக்கு முன் தாத்தா வெல்ஷில் எழுதியிருந்தார்: தொழில், வயது, பிறந்த ஊர். பிறந்த குழந்தைகள் மூன்று, உயிரோடிருப்பவை இரண்டு. அந்த ஒரு வரியில் ஒரு தாயின் துயரம் அடங்கியிருந்தது.

"இதைக் கண்டுபிடித்த அன்று நான் அழுதுவிட்டேன். தாத்தாவின் கையெழுத்து என் கையில் இருக்கிறது; ஆனால் எனக்குப் படிக்கத் தெரியவில்லை" என்றார் நண்பர்.

இரண்டே தலைமுறை

அவருடைய பாட்டிக்கு வெல்ஷ்தான் தாய்மொழி. அப்பா வெல்ஷ் பேசுவார். மணந்ததோ சாமர்செட்டிலிருந்து வந்த குடும்பத்துப் பெண்ணை. வீட்டு மொழி ஆங்கிலமாயிற்று. பிள்ளைகள் ஆங்கிலம் படித்தால்தான் சுரங்கத்தை விட்டு மேலே வரலாம் என்று பெற்றோர் நினைத்தார்கள். பிள்ளைகளும் மேலே வந்தார்கள், ஆசிரியராகவும் மருத்துவராகவும். மொழி மட்டும் கீழேயே நின்றுவிட்டது. நண்பருக்கு மிஞ்சியவை பத்து வரை எண்ணிக்கை, கோயில் பாட்டுகள் சில, உறவுச் சொற்கள் இரண்டு. தாத்தாவை 'டாட்கி' என்றும் பாட்டியை 'மாம்கி' என்றும் அழைப்பார்களாம்.

பிறகு அந்தத் தாளை அவருக்குப் படித்துச் சொன்னது யார் தெரியுமா? பன்னிரண்டு வயதுப் பேத்தி! தென் வேல்ஸில் வெல்ஷ் வழியில் கற்பிக்கும் முதல் உயர்நிலைப் பள்ளி 1962ல்தான் பாண்டிப்ரித் அருகே தொடங்கியது. இப்போது அப்படிப் பல பள்ளிகள் இருக்கின்றன. தாத்தா விட்டதைப் பேத்தி பிடித்துக் கொண்டாள்.

பெயர் விஷயத்திலும் அவர்கள் நம்மவர்களே. முற்காலத்தில் அவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நம் இன்ஷியல் போல அப்பா பெயர்தான். 'அப்' என்றால் மகன். 'அப் ரைஸ்' என்பது பிரைஸ் ஆயிற்று. 'அப் ஹவெல்' பவெல் ஆயிற்று. 'அப் எவன்' பெவன் ஆயிற்று. 1948ல் பிரிட்டனில் எல்லோருக்கும் இலவச மருத்துவத்தைக் கொண்டுவந்த அமைச்சர் அனைரின் பெவன் ட்ரெடீகர் என்ற சுரங்க ஊரில் பிறந்தவர். தாமும் சுரங்கத்தில் இறங்கியவர். ஒரே தெருவில் பத்து ஜோன்ஸ் இருந்தால் 'பால்கார ஜோன்ஸ்', 'ரொட்டிக்கார ஜோன்ஸ்' என்று தொழிலைச் சேர்த்துச் சொல்வார்களாம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அவர் சாதாரணமாகக் கேட்டார்: "உங்கள் தாத்தாவின் அப்பா பெயர் என்ன?"

நான் வாயடைத்துப் போனேன்.

எடைக்குப் போட்ட டோக்கன்

என் தந்தை சுரங்கத்தில் இறங்கும்போது கொண்டுபோன எண் பொறித்த பித்தளை டோக்கன் ஒன்று எங்கள் வீட்டில் கிடந்தது. தங்கவயல் சுரங்கம் 2001ல் மூடப்பட்டது. 2003ல் அம்மா காலமான பின் வீட்டைக் காலி செய்தபோது, ஓட்டைப் பாத்திரங்களோடு அதையும் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டேன். போட்டவன் நானேதான். நண்பர் தம் தந்தையின் டோக்கனைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைத்திருந்ததைப் பார்த்தபோது அது நெஞ்சைக் குத்தியது.

ஊர் திரும்பியதும் பெங்களூரில் இருக்கும் அத்தையைத் தேடிப் போனேன். என் தந்தையின் தங்கை, வயது எண்பத்தெட்டு. விஷயத்தைச் சொன்னேன்.

"ஏம்பா, இதை எங்கண்ணன் இருந்தப்ப கேட்டிருக்கக் கூடாதா? எனக்குப் பேரு தெரியாதுப்பா. 'கிணத்துமேட்டுக்காரர்'னுதான் சொல்வாங்க. ரெண்டு வருஷம் மழை இல்லாம, ஏர்மாட்டை வித்த காசுலதான் எங்கப்பாவைத் தங்கவயலுக்கு ரயில் ஏத்தி விட்டாராம்" என்றார்.

என் முப்பாட்டனாரின் பெயர் போய்விட்டது. பட்டப்பெயர் மட்டும் கிடைத்தது. அதுவும் அத்தை இருந்ததால். நம் நாட்டில் கணக்கெடுப்பின் வீட்டுத் தாள்கள் அப்படி வெளியிடப்படுவதில்லை. நமக்கு உள்ள பதிவேடு நம் வீட்டுப் பெரியவர்களின் நினைவு ஒன்றே.

அன்பர்களே, இந்த இதழைப் படித்து முடித்ததும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வீட்டில் மூத்தவரிடம் உட்கார்ந்து கேளுங்கள்: எந்த ஊரிலிருந்து வந்தோம், எதற்காக வந்தோம், முதலில் வந்தவர் யார், அவரை அழைத்து வந்தவர் யார்? அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள். பட்டப்பெயரையும் விடாதீர்கள்.

என் நோட்டில் பதினோரு பக்கம் நிரம்பியிருக்கிறது. கார்டிஃபில் இருக்கும் என் பேத்திக்கு ஒன்பது வயது. தமிழ் நன்றாகப் பேசுவாள்; எழுத்து தெரியாது. ஞாயிறுதோறும் தொலைபேசியில் அவளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறேன். போன வாரம் 'ஞ' வரை வந்திருக்கிறோம்.