தேயிலை ஏலம்: சுத்தியல் போனது, சந்தேகம் போகவில்லை

கொல்கத்தாவின் நீல்ஹாட் ஹவுஸுக்குப் பெயர் கொடுத்தது தேயிலை அல்ல, அவுரி. நீல் ஹாட் என்றால் அவுரிச் சந்தை. அவுரி விற்ற தரகர்களே பிறகு தேயிலைக்கும் வந்தார்கள். 1861 டிசம்பர் 27 அன்று கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பொதுத் தேயிலை ஏலம் நடந்தது. அன்று கேட்கத் தொடங்கிய ஏலக் குரல், 2016-இல் டார்ஜிலிங் தேயிலையும் கணினிக்கு மாறியபோதுதான் அந்த ஊரில் முழுசாக அடங்கியது. ஏறக்குறைய 155 ஆண்டுகள்.

வெளியாருக்கு அது வெறும் இரைச்சலாகத்தான் தெரிந்திருக்கும். உண்மையில் பாதி வேலை முன்பே முடிந்திருக்கும். தரகர்கள் ஒவ்வொரு லாட்டையும் சுவைத்து, மதிப்பு போட்டு, கேட்டலாக் அச்சிட்டு, வாங்குவோருக்கு மாதிரிகளை அனுப்பிவிடுவார்கள். வாங்குவோரும் சுவைத்துப் பார்த்து, கேட்டலாக்கின் ஓரத்தில் தங்கள் கணக்கைக் குறித்துக்கொண்டுதான் வருவார்கள். கூடத்தில் மிச்சமிருப்பது விலை மட்டுமே. அதற்கு ஒரு தலையசைப்பு போதும். நிமிடத்துக்கு இரண்டு மூன்று லாட்டுகள் பறந்துவிடும்.

யார் கேட்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த முறையின் பலம் அதுதான், வியாதியும் அதுதான். ஏலத்துக்கு வரும் தேயிலையில் பெரும் பங்கை வாங்குவது கைவிட்டு எண்ணக்கூடிய சில பாக்கெட் நிறுவனங்கள். எதிரே இருப்பவர் யார் என்று தெரிந்துவிட்டால், இன்று நான் விலகுகிறேன், நாளை நீ விலகு என்று பேசாமலே பேசி முடிக்கலாம். விலை ஏறாததற்குத் தோட்டக்காரர்கள் சொன்ன காரணங்களில் இது பழையது.

ஆனால் அதே கூடம்தான் சின்ன வியாபாரியையும் வாழவைத்தது. ஒரு லாட் என்பது பல நூறு கிலோ. முழுசாக எடுக்க எல்லோரிடமும் பணம் இருக்காது. போட்டியிட்டவர்கள் அங்கேயே பேசி, ஒரே லாட்டைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். பெரிய நிறுவனத்தின் பக்கத்தில் உட்கார்ந்து சில மூட்டைகளாவது வாங்கிப் போக அது வழி. கணினி வந்தபோது, ஏல முறையின் அழகு போய்விட்டதே என்ற புலம்பல் ஒரு பக்கம் இருக்கட்டும்; இந்தப் பங்கு என்ன ஆகும் என்பதுதான் சின்னவர்களின் நிஜமான கவலை. அந்தக் கவலையைப் பழமைவாதம் என்று ஒதுக்கியது நியாயமல்ல.

மாற்றத்தின் முதல் அடி கொல்கத்தாவில் விழவில்லை. 2003-இல் குன்னூரில் டீசர்வ் கூட்டுறவு அமைப்பு மின்னணு ஏலத்தைத் தொடங்கியது. பிறகு தேயிலை வாரியம் மற்ற மையங்களையும் கணினிக்குக் கொண்டுவந்தது. 2016-இல் ஒரு மையத்தில் பதிவு செய்தவர் நாட்டின் எந்த மையத்திலும் கேட்கலாம் என்று ஆனது. கொச்சியில் உட்கார்ந்து குவாஹாட்டிச் சரக்கைக் கேட்கலாம். திரையில் முகம் தெரியாது. கேட்பவர்கள் கூடினால் விலை கூடும் என்பது எதிர்பார்ப்பு.

சில நாட்களில் கூடவும் செய்தது. குவாஹாட்டியில் மனோகரி கோல்ட் என்ற அசாம் தேயிலை 2018-இல் கிலோ 39,001 ரூபாய்க்கும், 2019-இல் 50,000-க்கும், 2021-இல் 99,999-க்கும் போனது. பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. ஆனால் அவை ஒரு சில கிலோ. தொழிலை நடத்துவது சாதாரண சி.டி.சி. தூளின் சராசரி விலைதான்.

அந்தச் சராசரியோடு கட்டப்பட்டிருப்பவர் ஏலக்கூடத்தையே பார்த்திராத சிறு விவசாயி. இன்று நாட்டின் தேயிலையில் பாதிக்கு மேல் சிறு விவசாயிகளுடையது. அவர்கள் பச்சை இலையைத் தொழிற்சாலைக்கு விற்கிறார்கள். நீலகிரியில் அந்த இலைக்கு மாதந்தோறும் நிர்ணயிக்கப்படும் விலை, ஏலத்தில் தூள் போன விலையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. திரையில் சில ரூபாய் சரிந்தால் கோத்தகிரியில் இலை விலை சரியும்.

முகத்தை மறைத்தால் போதும் என்ற நம்பிக்கை தேயிலை வாரியத்துக்கே நிலைக்கவில்லை. 2023-இல் வட இந்திய மையங்களுக்கு 'பாரத் ஏலம்' என்ற வேறு முறை வந்தது. அதன் மீதும் சண்டை. பெரிய வாங்குவோர் சிலரே என்ற நிலைமையை எந்த மென்பொருளும் மாற்றவில்லை. விற்பவர் வைத்த குறைந்தபட்ச விலையை எவரும் தொடாத லாட் அன்றும் வெளியே போனது, இன்றும் போகிறது. சில வாரம் கழித்து, புது எண்ணோடு, இன்னொரு கேட்டலாக்கில் அதே தூள் மறுபடி வந்து நிற்கும்; அதற்குள் அது இன்னும் கொஞ்சம் பழசாகியிருக்கும்.