லூகாவை விட்டுக்கொடுத்தவரின் பதவி பறிப்பு: டல்லாஸ் மேவரிக்ஸில் நடந்தது என்ன?

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து தொடரில் ஆடும் டல்லாஸ் மேவரிக்ஸ், தனது ஜெனரல் மேனேஜர் நிகோ ஹாரிசனை 2025 நவம்பர் 11-ம் தேதி நீக்கியது. ஏன்?

ஜெனரல் மேனேஜரின் வேலை என்ன?

களத்தில் யாரை இறக்குவது என்பது கோச்சின் முடிவு. எந்த வீரரை வாங்குவது, யாரை விட்டுக்கொடுப்பது என்பது ஜெனரல் மேனேஜர் கையில்.

அப்படி என்ன செய்தார்?

2024-ல் அணியை ஃபைனல் வரை கொண்டுபோனவர் லூகா டான்சிச். 25 வயதான அவரை, 2025 பிப்ரவரியில் லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, 31 வயது ஆன்டனி டேவிஸை வாங்கினார் ஹாரிசன். தடுப்பாட்டம் வலுவாக இருந்தால்தான் கோப்பை வரும் என்பது அவர் போட்ட கணக்கு.

கணக்கு எங்கே தப்பியது?

டேவிஸுக்கு அடிக்கடி காயம் ஏற்படும் என்பது ஊரறிந்த விஷயம். டல்லாஸுக்காக ஆடிய முதல் மேட்ச்சிலேயே 26 பாயின்ட் எடுத்த கையோடு காயம்பட்டு வெளியேறினார். சுமார் ஆறு வாரம் ஆட முடியவில்லை. மார்ச்சில் இன்னொரு ஸ்டார் கைரி இர்விங்குக்கும் முழங்கால் தசைநார் கிழிந்தது. பிளே-ஆஃப் கைநழுவியது.

அதிர்ஷ்டமும் கைகொடுக்கவில்லையா?

கொடுத்தது. வெறும் 1.8% வாய்ப்போடு டிராஃப்ட் லாட்டரியை வென்று, இளம் வீரர் கூப்பர் ஃபிளாகை எடுத்தது டல்லாஸ். ஆனால் அடுத்த சீசனில் டேவிஸுக்கு மறுபடியும் காயம், இந்த முறை கெண்டைக்காலில். முதல் 11 மேட்ச்சில் 3 வெற்றிதான். 'நிகோவை நீக்கு' என்ற ரசிகர்களின் கோஷம் அடங்கவே இல்லை.

அடுத்து யார்?

மைக்கேல் ஃபின்லி, மாட் ரிக்கார்டி இருவரும் இடைக்காலப் பொறுப்பேற்றனர். டிரேடுக்குப் பச்சைக்கொடி காட்டியது அணி உரிமையாளர் தரப்பின் பேட்ரிக் டுமான்ட். பதவி போனது என்னவோ ஹாரிசனுக்குத்தான். மேனேஜரை மாற்றிவிடலாம், லூகாவைத் திரும்பக் கொண்டுவர முடியாதே என்பதுதான் ரசிகர்களின் ஆதங்கம்.