புது ரகத் தக்காளி: விதைப் பையில் தொடங்கும் உரிமை

வீட்டுத் தோட்டத்தில் புதிய தக்காளி ரகம் பயிரிடுபவருக்கு முதல் ஆதாரம் விதைப் பையில் ஒட்டியிருக்கும் அட்டைதான். பயிர், ரகம், குவியல் எண், பரிசோதனை நாள், காலாவதி நாள், முளைப்புத்திறன், புறத்தூய்மை, நிகர எடை, விற்பவரின் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டமும் 1968ஆம் ஆண்டின் விதை விதிகளும் இதற்கு அடிப்படை. தக்காளி விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 70 சதவீதம், புறத்தூய்மை 98 சதவீதம். சான்று விதையில் நீல அட்டை இருக்கும். பச்சை அட்டை இருந்தால் அது உண்மைநிலை விதை. சான்றுத் துறை வயலாய்வு செய்து ஒப்புதல் தந்த விதை அல்ல, தரத்துக்கு உற்பத்தியாளரே பொறுப்பு. கடையில் கிடைக்கும் வீரிய ஒட்டுத் தக்காளி பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான். ஆகவே அட்டையில் அச்சிட்ட ஒவ்வொரு சொல்லும் நிறுவனம் கொடுத்த உறுதிமொழியாக நிற்கிறது. பையைக் கிழித்து எறிபவர் அந்த உறுதிமொழியையும் சேர்த்தே எறிகிறார்.

விதை விற்க உரிமம் வேண்டும், வாங்குபவருக்கு ரசீது தர வேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணை. தமிழ்நாட்டு விதைக் கடைகளில் ரகமும் குவியல் எண்ணும் எழுதிய ரசீது கேட்டு வாங்கலாம். இணையத்தில் வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். நீலம், கறுப்பு, வானவில் நிறம் என்று படம் போட்டு, பத்திருபது விதைகளை வெறும் பிளாஸ்டிக் உறையில் வைத்து அனுப்புகிறார்கள். குவியல் எண்ணும் இல்லை, முகவரியும் இல்லை. அப்படிப்பட்ட விதையை விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் தவிர்ப்பதே நல்லது. எது முளைத்தாலும், எதுவுமே முளைக்காவிட்டாலும் கேட்பதற்கு எதிரில் ஆள் இருக்காது.

விதையின் குறைக்கும் வளர்ப்பின் குறைக்கும் உள்ள வேறுபாடு தெரியாமல் புகார் செய்தால் அது நிற்காது. பெங்களூருவை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘அர்கா ரக்ஷக்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இலைச்சுருள் வைரஸ், பாக்டீரிய வாடல், இலைக்கருகல் ஆகிய மூன்றையும் தாங்கும் வீரிய ஒட்டு இது. செடிக்கு 18 கிலோ வரை காய்த்ததாகப் பரவலாகப் பேசப்பட்டது. அது நல்ல பராமரிப்புள்ள வயலில் கிடைத்த விளைச்சல். மாடியில் இருக்கும் ஒரு குரோ பேக்கில் அதே அளவை எதிர்பார்ப்பதும், கிடைக்காதபோது விதையைப் பழிப்பதும் நியாயமல்ல. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவும் இதையே கவனத்தில் கொள்கிறது. அச்சட்டப்படி பதிவான ரகம் ‘குறிப்பிட்ட சூழலில்’ எப்படி விளையும் என்று அதை உருவாக்கியவர் உழவருக்குச் சொல்ல வேண்டும். அந்தச் சூழலில் அப்படி விளையாவிட்டால், பயிர் ரகப் பாதுகாப்பு ஆணையத்திடம் உழவர் இழப்பீடு கேட்கலாம்.

காயின் அடிப்பகுதி கறுத்து அழுகினால் பெரும்பாலும் காரணம் சுண்ணாம்புச் சத்துக் குறையும் ஒழுங்கில்லாத நீர்ப்பாய்ச்சலும்தான். கோடையில் பூ கொட்டுவது வெப்பத்தால். தாங்குதிறன் சொல்லப்படாத ரகத்தில் இலை சுருண்டால் வெள்ளை ஈயைத் தேட வேண்டும். இவை எதற்கும் விற்றவரைக் கேட்க முடியாது. நல்ல ஈரத்திலும் பாதி விதைகூட முளைக்கவில்லை, உருண்டைப் பழம் என்று வாங்கியதில் நீளப் பழம் கலந்து காய்க்கிறது, நோய் தாங்கும் என்று அச்சிட்ட ரகம் அந்த நோயாலேயே மடிகிறது என்றால் அது விதையின் குறை.

இரண்டையும் பிரித்துக் காட்ட உதவுவது வளர்ப்புக் குறிப்பேடு. விதைத்த நாள், விதைகளின் எண்ணிக்கை, 14ஆம் நாள் வரை முளைத்தவை, நாற்றை மாற்றி நட்ட நாள், முதல் பூ, முதல் பழம், பழங்களின் எடை, கொடுத்த உரம், அடித்த மருந்து, கடும் வெயிலும் மழையும் வந்த நாட்கள் எல்லாம் அதில் ஏற வேண்டும். 14 நாள் என்பது ஏதோ ஒரு கணக்கல்ல. ஆய்வகமும் தக்காளியின் முளைப்பை அந்த நாளில்தான் கடைசியாக எண்ணி முடிக்கிறது. விதைப் பையையும் குழித்தட்டையும் ஒன்றாக வைத்து எடுத்த படம் பின்னால் மிகவும் உதவும். அதைவிட உதவுவது ஒப்பீட்டுச் செடி. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வந்த பி.கே.எம். 1 போன்ற பழகிய ரகத்தில் இரண்டு செடியைப் புது ரகத்தின் பக்கத்திலேயே, அதே மண் கலவையில், அதே தண்ணீரில் வளர்க்க வேண்டும். பி.கே.எம். 1 செழித்துப் புது ரகம் மட்டும் சோர்ந்தால், “உங்கள் பராமரிப்பு சரியில்லை” என்ற வழக்கமான பதில் எடுபடாது.

வெளிநாட்டு விதையில் ஆபத்து வேறு விதமானது. 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி, இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் தபாலில் வரும் விதை சட்டத்துக்குப் புறம்பானது. 2014இல் இஸ்ரேலில் முதலில் தென்பட்ட தக்காளிப் பழுப்புச் சுருக்க வைரஸ் விதையோடும், கையோடும், கத்தரிக்கோலோடும் பரவி நாடுநாடாகப் போயிற்று. 2020இல் கேட்காமலே விதைப் பொட்டலங்கள் தபாலில் பல நாடுகளுக்குப் போனபோது இந்திய வேளாண் அமைச்சகமும் எச்சரிக்கை விடுத்தது. அப்படி வந்ததை விதைக்கவும் கூடாது, குப்பையில் போடவும் கூடாது; வேளாண் துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஊதாத் தக்காளியில் தனிக் கவனம் தேவை. அமெரிக்காவில் 2024 முதல் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கே விற்கப்படும் ஒன்று, ஸ்நாப்டிராகன் பூச்செடியின் மரபணுக்கள் சேர்த்து உருவாக்கியது. அதன் சதை முழுவதும் ஊதா. இந்தியாவில் மரபணு மாற்றத் தக்காளி எதற்கும் அனுமதி இல்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989இல் வந்த விதிகள் இதைக் கட்டுப்படுத்துகின்றன. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ‘இண்டிகோ ரோஸ்’ வழக்கமான இனக்கலப்பில் வந்தது. அதில் தோல் மட்டுமே கருநீலம், உள்ளே சிவப்பு. படத்தை மட்டும் பார்த்து வாங்குபவருக்கு இந்த வேறுபாடு தெரிய வழியில்லை.

விதை குறையுடையது என்று தெரிந்ததும் பை, ரசீது, படங்கள், குறிப்பேட்டின் நகல் ஆகியவற்றோடு விற்றவருக்கும் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அடுத்ததாக மாவட்ட விதை ஆய்வாளரிடம் மனு கொடுக்கலாம். கடையில் அதே குவியலிலிருந்து மாதிரி எடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள், வசிக்கும் ஊரிலேயே மனுச் செய்யலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை.

அங்கே எழும் முதல் கேள்வி, “ஆய்வகச் சோதனை எங்கே?” என்பது. ஒரு கிராமில் ஏறத்தாழ 300 தக்காளி விதைகள் இருக்கும். வீட்டுத் தோட்டத்துக்கு வாங்குவதோ முப்பது, நாற்பது. சோதனைக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது. இதற்கு உச்ச நீதிமன்றம் 2012இல், தேசிய விதைக் கழகம் எதிர் மதுசூதன ரெட்டி வழக்கில் பதில் சொல்லிவிட்டது: விதை வாங்கும் உழவர் நுகர்வோரே, விதைத்தவர் சோதனைக்கென்று ஒரு பங்கை எடுத்து வைத்திருக்க வேண்டும் என எதிர்பார்க்க முடியாது, அதே குவியல் விதையை நிறுவனமே சோதனைக்குக் கொடுத்திருக்கலாம். குவியல் எண்ணைப் பத்திரப்படுத்தச் சொல்வது இதற்காகத்தான். நாற்பது, ஐம்பது ரூபாய் விதைக்கு இவ்வளவு அலைச்சலா என்று விட்டுவிடுவோரே அதிகம். அதனால்தான் மோசமான குவியல் அடுத்த பருவத்திலும் விற்கிறது.

விதை எடுத்துப் பகிர்வதிலும் உரிமை தெளிவாகவே இருக்கிறது. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட ரகமாக இருந்தாலும் உழவர் விதையைச் சேமிக்கலாம், மறுபடி விதைக்கலாம், பரிமாறலாம், விற்கவும் செய்யலாம். அந்த ரகத்தின் பெயரிட்டுப் பையில் அடைத்து விற்பதற்கு மட்டும் தடை. தானே விளைவித்த விதையைத் தன் இடத்திலேயே நேரடியாகப் பிறருக்குக் கொடுப்பதற்கு விதைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. வீரிய ஒட்டிலிருந்து எடுத்த விதை தாய்ச் செடியைப் போல வராது. கொடுப்பவர் இதைச் சொல்லியே கொடுக்க வேண்டும். நாட்டு ரகத்தில் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. அப்படிப் பல தலைமுறை விதை எடுத்து வரும்போது ஒரு செடி தனித்துத் தெரிந்து, அதன் சந்ததிகளும் ஒரே சீராக, நிலையாக அமைந்தால், உழவர் ரகமாகப் பதிவு கோரலாம். பயிர் ரகப் பாதுகாப்பு ஆணையத்தின் முன் உழவருக்குக் கட்டணம் இல்லை. தனித்தன்மை, ஒருசீர்மை, நிலைப்பு ஆகிய மூன்றும் அங்கே பரிசோதிக்கப்படும். பருவந்தோறும் எழுதிய குறிப்பேடு விண்ணப்பத்துக்குத் துணை நிற்கும்.